பதினெட்டு பெட், மூன்று நிமிஷம்

ராட்டில் ஆஃப் என்று வெள்ளைப் பலகையில் எழுதி அதற்கு அடியில் இரண்டு கோடு போட்டார் செழியன் சார். ஒரு கோடு போதாதா. எதையும் இரண்டு தடவை கோடு போட்டால்தான் எங்கள் மண்டையில் ஏறும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. இருபத்தெட்டு வயசு இருக்கும், என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர், மற்ற பத்துப் பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு என்னை மட்டும் மேடம் என்பார், ஒவ்வொரு மேடத்துக்கும் எனக்கு ஒரு முடி நரைக்கிறது. மனப்பாடமாக இருப்பதை யோசிக்காமல், நிறுத்தாமல், கடகடவென்று ஒப்பிப்பது, அதுதான் ராட்டில் ஆஃப் என்றார். யோசிக்காமல் என்ற இடத்தில் விரலைச் சொடுக்கினார். நாற்பத்து நான்கு வயசில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட சோறு இன்னும் நெஞ்சிலேயே நிற்க, தில்லைநகரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், கீழேயிருந்து முட்டை பப்ஸ் வாசனை ஏறிவர, கைப்பலகை வைத்த நாற்காலியில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து நான் இதைக் கற்றுக்கொள்கிறேன். கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது இதில். இருபது வருஷமாக நான் செய்த வேலை. அதற்கு இங்கிலீஷில் என்ன பேர் என்பதுதான் தெரியாமல் இருந்தது. உதாரணம் எழுதுகிறேன் என்று மறுபடி பலகைப் பக்கம் திரும்பினார். தி நர்ஸ் ராட்டில்ட் ஆஃப் தி நேம்ஸ் ஆஃப் ஆல் ஹெர் பேஷண்ட்ஸ். வெளிநாடு போகப் பரீட்சை எழுதும் நர்சுகள் வகுப்பு, எங்களுக்குப் பிடிக்கட்டும் என்று நர்சைப் போட்டிருக்கிறார், பாவம், அவர்மேல் குற்றம் இல்லை. ஆனால் அது தப்பு சார். வார்டில் நாங்கள் பேரைச் சொல்வதில்லை. நம்பரைத்தான் சொல்வோம். ஆறு என்போம், ஒன்பது என்போம். பேரைச் சொல்லியிருந்தால் நான் ஏன் இங்கே வந்து உட்காரப் போகிறேன்.

ஆளுக்கு ஒரு வாக்கியம், முன் வரிசையிலிருந்து, என்றார். நான் கடைசி வரிசை, கடைசி நாற்காலி. எனக்கு முன்னால் பத்துப் பேர். இந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வேகமாகப் பேசிவிட்டு நடுவில் சொல் கிடைக்காமல் விழிப்பார்கள், ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் பத்து நிமிஷம் இருக்கிறது. மடியில் கைப்பை இருக்கிறது. பைக்குள் போன் இருக்கிறது. போனுக்குள் சுகந்தி இருக்கிறாள். காலையில் கோவில் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது பைக்குள் அதிர்ந்தது, திரும்பி வந்து முழங்கால் போட்டு, கண்ணை மூடி ஜெபிக்கிற மாதிரி குனிந்து அதைத்தான் வாசித்தேன். அக்கா நான் சுகந்தி, ஞாபகம் இருக்கா, என்று ஆரம்பித்திருந்தாள். மூன்று வருஷம் கழித்து வருகிற பெண் இப்படித்தான் ஆரம்பிப்பாள். பெரம்பலூரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் வேலை இருக்கிறதாம், நாளைக்குக் காலையில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்களாம், பழைய ஆஸ்பத்திரியிலிருந்து ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டால் காட்ட ஒரு கடிதம் வேண்டுமாம். உங்க மேல தப்புன்னு எழுத வேணாம்க்கா, அன்னைக்கி ஓவர் குடுக்கும்போது பெட் நம்பர் மாறியிருக்கலாம்னு ஒரு வரி மட்டும் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புங்க, அது போதும். நாலு மணிக்குள்ள அனுப்புனா பிரிண்ட் எடுத்துக்குவேன். கடைசியில், உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்னு தெரியும்க்கா. இரண்டு நீலக் குறி விழுந்துவிட்டது. நான் வாசித்தது அவளுக்குத் தெரியும். வாசிக்காமல் வைத்திருக்கலாம், கர்த்தருக்கு முன்னால் முழங்காலில் இருக்கும்போது என்ன அவசரம் எனக்கு. முதல் நாற்காலிப் பெண், லால்குடிக்காரி, என் தம்பி எல்லா ரயில்வே ஸ்டேஷனையும் ராட்டில் ஆஃப் பண்ணுவான் என்று சொல்லி முடித்து உட்கார்ந்தாள். சார் வெரி குட் என்றார். மணி மூன்று முப்பத்தைந்து.

ஷிஃப்ட் முடிகிறவள் அடுத்து வருகிறவளிடம் வார்டை ஒப்படைப்பதற்கு எங்கள் பேச்சில் ஓவர் கொடுப்பது என்று பேர். ஒவ்வொரு கட்டிலுக்கும் கூட்டிப்போய், நோயாளியைக் காட்டி, கால்மாட்டில் தொங்குகிற கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். எந்த வார்டில் எவள் அப்படிச் செய்கிறாள். பதினெட்டு பெட்டையும் சுற்றிவர அரை மணி நேரம் ஆகும், அதற்குள் பஸ் போய்விடும். நான் மேசை பக்கத்திலேயே நிற்பேன், தோளில் கைப்பை ஏறியிருக்கும், கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. ஒன்று, நெஞ்சுவலி, ரெண்டாவது ஈசிஜி எடுத்தாச்சு. ரெண்டு, மஞ்சக்காமாலை, தண்ணி மட்டும். மூணு, டிஸ்சார்ஜ், பில் வரல. அப்படியே பதினெட்டு வரைக்கும் மூன்று நிமிஷம். கேட்கிறவள் எழுதத் திணறுவாள், நான் காத்திருக்க மாட்டேன். மேட்ரன் அம்மா பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைக் கூட்டிவந்து எனக்கு முன்னால் நிறுத்துவார், பாருங்கடி அமலாவை, இதான் மூளை, என்பார். அமலோற்பவம் என்ற என் முழுப் பேரை ஆஸ்பத்திரியில் யாரும் சொன்னதில்லை, அமலா சிஸ்டர், கம்ப்யூட்டர் சிஸ்டர். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிரும் தெரியுமா அப்போது. இந்த வித்தை இன்று நேற்று வந்ததில்லை. மூன்றாம் வகுப்பில் மதர் அகுஸ்தா பதிமூன்றாம் வாய்ப்பாடு கேட்பார்கள், கையில் பிரம்பு, நிறுத்தினால் அடி. நான் ஒரு நாள் பதிமூன்று ஏழு என்ற வரியையே விட்டுவிட்டு எட்டுக்குப் போய்விட்டேன், போன பிறகுதான் எனக்கே தெரிந்தது, தெரிந்தும் நிற்கவில்லை, அதே வேகத்தில் ஓடிப்போய் முடித்தேன். மதர் என் தலையில் தட்டிக்கொடுத்தார்கள். அடுத்து பிலோமினா. ஒரு வரியும் விடாமல், ஒவ்வொன்றையும் விரல் மடக்கி யோசித்து, சரியாகச் சொன்னாள், நடுவில் மூன்று தரம் நின்றாள். மூன்று அடி வாங்கினாள். உள்ளங்கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எட்டு வயசில் எனக்கு உலகம் புரிந்துவிட்டது. சரியாகச் சொல்கிறாயா என்று இங்கே யாரும் பார்ப்பதில்லை, நிற்காமல் சொல்கிறாயா என்றுதான் பார்க்கிறார்கள். நான்காவது பெண் எழுந்து, அவளுடைய மாமியார் சொந்தக்காரர்கள் செய்த துரோகங்களை எல்லாம் ராட்டில் ஆஃப் பண்ணுவார் என்றாள், வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன், என் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த நாள், பன்னிரண்டே காலுக்கு ஆறாம் பெட் வையாபுரி சண்டை போட்டார். அவருக்குச் சர்க்கரை, காலில் புண், மூக்கு மட்டும் நன்றாக வேலை செய்யும். பாத்ரூம் வாசனை வருகிறது, இங்கே இருக்க மாட்டேன், எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். ஒன்பதாம் பெட்டில் ஜோதிலிங்கம், பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெறப் போகிறவர், நாலு நாள் காய்ச்சல், இரண்டு வாய் கஞ்சிகூட உள்ளே தங்கவில்லை. நீங்கள் மாற்றிக்கொள்வீர்களா சார் என்று அவரிடம்தான் கேட்டேன். கேட்டால் முடியாது என்று சொல்லத் தெரியாத முகம் அது, அதைப் பார்த்துத்தான் கேட்டேன். "எங்க படுத்தா என்ன சிஸ்டர், காய்ச்சலும் கூடவேதான வரப்போவுது" என்று சொல்லித் தன் தலையணையைத் தானே தூக்கிக்கொண்டார். நானும் வார்டு ஆயாவும்தான் கட்டில் மாற்றினோம். டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளினேன், கேஸ் ஷீட்டுகளை இந்தக் கையால் எடுத்து அந்தக் கால்மாட்டில் இது இந்தக் கால்மாட்டில் அது என்று மாட்டினேன். ஜோதிலிங்கத்தின் சம்சாரம் ஒரு பிளாஸ்கையும் ஒரு துண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. ஒன்றரைக்கு சுகந்தி வந்தாள். துறையூர்ப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஏழு மாசம், தலையில் ஒரு பச்சை கிளிப், அதில் ஒரு பல் உடைந்திருக்கும். மற்றவர்கள் சிஸ்டர் என்பார்கள், இவள் மட்டும் அக்கா என்பாள், அவள் அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பில் எனக்கென்று ஒரு சின்ன டப்பா கொண்டுவருவாள். நான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஆறு, சுகர், ரெண்டு மணி சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் இருபது. ஒன்பது, காய்ச்சல், ஆகாரம் இல்ல, டிரிப்ஸ் ஓடுது. காலையில் ஏழு மணிக்கு மண்டையில் ஏறிய பட்டியல் அப்படியே வந்தது. நடுவில் நடந்த சண்டையோ தலையணையோ பிளாஸ்கோ அதில் இல்லை, நாக்குக்கு அதெல்லாம் தெரியாது. சுகந்தி உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் ஆறு, இன்சுலின் இருபது என்று எழுதிக்கொண்டாள். ஷீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஊசி போட வேண்டும். பார்க்கவில்லை. ஏன் பார்ப்பாள், சொன்னது அமலா அக்கா. ஆறில் படுத்திருந்தவருக்கு இரண்டு மணிக்கு ஊசி போட்டாள். நாலு மணிக்கு ஜோதிலிங்கத்துக்குக் குப்பென்று வேர்த்தது. அந்த அம்மா துண்டால் துடைத்துத் துடைத்து, நாலு நாளாக விடாத காய்ச்சல் விட்டுவிட்டது என்று சுகந்தியைக் கூப்பிட்டுக் காட்டிச் சந்தோஷப்பட்டதாம். நல்லா தூங்கட்டும்மா, எழுப்பாதீங்க, என்றாளாம் இவள். காய்ச்சலுக்கு வேர்த்ததில்லை அது, வெறும் வயிறு, ரத்தத்தில் இருந்த சர்க்கரையும் இறங்கி வேர்த்தது. ஐந்தரைக்கு எழுப்பினால் எழவில்லை. மூன்றாம் நாள் ஐசியூவில் போய்விட்டார். ஆறாவது பெண்ணுக்கு வாக்கியம் வரவில்லை, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். சார் காத்திருக்கிறார். உட்கார் பெண்ணே, சொல்லிவிட்டு உட்கார், எதையாவது சொல்லு, நிற்காதே.

நிற்காதே என்பதைத்தான் விசாரணை நடந்த அன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேட்ரன் அறை, பெரிய டாக்டர் நடுவில், ஆபீஸ்காரர் ஒருவர் ஓரமாக, எனக்கும் சுகந்திக்கும் ஒரே மாதிரி இரண்டு நாற்காலி. அவளைத்தான் முதலில் கேட்டார்கள். அக்கா ஆறுன்னுதான் சொன்னாங்க, என்றாள். ஆறு சுகர்னு. இல்ல, ஆறு, அப்புறம் இன்சுலின், எனக்கு அப்படித்தான். கையில எழுதுனேன். கையைக் காட்டு என்றார் ஆபீஸ்காரர், மூளை உள்ள ஆள் கேட்கிற கேள்வியா, நாலு நாள் ஆகிவிட்டது, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வதும் இவர்கள்தான். அவள் உண்மையாகவே உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு மேட்ரன் அம்மா என் பக்கம் திரும்பி, அமலா, நீ என்ன ஓவர் குடுத்தியோ அதை அப்படியே சொல்லு, என்றார். அப்படியே சொன்னேன். ஒன்று முதல் பதினெட்டு வரைக்கும், ஒரு இடத்தில்கூட எச்சில் விழுங்காமல். ஆறு, ஜோதிலிங்கம், காய்ச்சல், ஆகாரம் இல்லை. ஒன்பது, வையாபுரி, சுகர், இன்சுலின் இருபது. பேரோடு சொன்னேன், ரிப்போர்ட் புத்தகத்தில் கட்டில் மாற்றியதுமே பேரோடுதான் எழுதியிருந்தேன், எழுத்தில் எல்லாம் சரியாக இருந்தது. பெரிய டாக்டர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்தார், பதினெட்டு டிக். இவ்வளவு கரெக்டா ஒருத்தர் சொல்ல முடியுமா என்று தலையை ஆட்டினார். ஓவரில் எவளும் பேர் சொல்லமாட்டாள் என்பது மேட்ரனுக்குத் தெரியாதா. முப்பது வருஷ நர்ஸ். அவர் கண் என்மேல் ஒரு நிமிஷம் நின்றது, பிறகு கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். மேசை பக்கத்தில் நின்று ஓவர் கொடுக்கிற வார்டு என்று வெளியே தெரிவதைவிட ஷீட் பார்க்காமல் ஊசி போட்ட ஒரு சின்னப் பெண் என்று முடிவது எல்லாருக்கும் வசதி, எனக்கு மட்டுமா வசதி. இதை நான் என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியாகிவிட்டது, இதுவும் மனப்பாடம். வெளியே வராந்தாவில் சுகந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமாக வருவாள் என்று நினைத்து நான் முகத்தை இறுக்கி வைத்திருந்தேன். "நாந்தான் தப்பா எழுதிக்கிட்டேனோக்கா" என்று கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். பதினெட்டும் அப்படி அருவி மாதிரி வந்ததில் அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வந்துவிட்டது. "இருக்கும்மா, போ, மொகத்தக் கழுவு" என்றேன். அவளை நீக்கினார்கள், அனுபவச் சான்றிதழ் இல்லை, இப்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பூனம் சேலை பிரித்துக் காட்டுகிறாள். ஒரு தடவை எதிர்ப் பக்க பிளாட்பாரத்தில் பார்த்துவிட்டு நான் பஸ்சுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

ஒன்பதாவது பெண் எழுந்துவிட்டாள். எட்டாவது எப்போது முடிந்தது. அந்தப் பொய்யை எங்கள் கோவில் சாமியார்கூடக் கண்டுபிடிக்கவில்லை. மாசம் ஒரு தடவை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன், போகாமல் இல்லை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முழங்கால் போட்டு, கோபப்பட்டேன் சாமி, பொய் சொன்னேன், புறணி பேசினேன், ஒரு ஞாயிறு பூசை காணவில்லை, மாமியாரை மனசுக்குள் திட்டினேன், என்று ஒப்பிப்பேன், பொய் சொன்னேன் என்பது இரண்டாவதாக வந்து மூன்றாவதுக்குப் பின்னால் மறைந்துவிடும். எந்தப் பொய் என்று அவர் கேட்டதில்லை. மூன்று அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்வார். அதையும் கோவில் படி இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். ஒரு வரி எழுதினால் என்ன. மாறியிருக்கலாம் என்றுதானே கேட்கிறாள், மாறியது என்றுகூடக் கேட்கவில்லை. அந்த ஒரு வரி பெரம்பலூரில் போய் ஒரு ஃபைலில் உட்காரும், அங்கிருந்து யாராவது எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் போடுவார்கள், மேட்ரன் மறுபடி கண்ணாடி துடைக்க வேண்டிவரும், இந்தத் தடவை என் பக்கம் திரும்பித் துடைப்பார். வெளிநாட்டு நர்சிங் கவுன்சிலுக்கு நன்னடத்தைக் கடிதம் அனுப்ப வேண்டியது அதே மேட்ரன். எனக்கு இந்த வார்டை விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருஷமாக ஆறாம் பெட் பக்கம் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறேன். அந்த ஊரில் ஆறு இருக்காதா. ஐந்துக்கு அடுத்து ஏழு என்று எண்ணுகிற ஊர் எதுவும் இருந்தால் சொல்லுங்கள், அங்கே போகிறேன். அவள் ஷீட்டைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் ஒன்றும் இல்லை. சரி, அவள் பார்க்கவில்லை. ஆனால் நான். இந்த இடத்துக்கு வந்தால் மட்டும் மண்டை வேறு பக்கம் திரும்பிவிடும், பப்ஸ் வாசனை, ஃபேன் சத்தம், செழியன் சாரின் சட்டைக் காலர் என்று எதையாவது பிடித்துக்கொள்ளும். திரும்பாதே, இன்றைக்காவது. பாலக்கரையில் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு, பொன்மலைப்பட்டி பஸ்சில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இரண்டு பத்துக்கு. கொய்யாப்பழக்காரி ஒருத்தி கூடையோடு ஏறினாள், கூடையை ஒரு பையன் காலுக்கடியில் வைத்தாள், அவன் காலை இந்தப் பக்கம் மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான், பளிச்சென்று தலையணை தெரிந்தது. ஆறு என்று சொல்லிவிட்டோமே. போனைக் கையில் எடுத்தேன். சுகந்தி என்ற பேர் வரைக்கும் போனேன், விரல் அதன்மேல் நின்றது. போட்டால் என்ன சொல்வது, ஓவரைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன் என்றா. அமலா சிஸ்டரா. கம்ப்யூட்டர் சிஸ்டரா. நாளைக்கு எல்லா வார்டிலும் சிரிப்பார்கள். ஷீட் பார்த்திருப்பாள், படித்த பெண்தானே. அப்போது ஜன்னலோரம் ஒரு சீட் காலியானது. உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் போனைப் பைக்குள் வைத்தேன். நாலு மணிக்கு அவருக்கு வேர்க்கும்போது நான் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கையளவு சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருந்தால் போதும், ஒரு போன், ஒரு கை சர்க்கரை. இது சுகந்திக்குத் தெரியாது, மேட்ரனுக்குத் தெரியாது, சாமியாருக்குத் தெரியாது, என் புருஷனுக்குத் தெரியாது.

மேடம், என்றார் செழியன் சார். எழுந்தேன். நாற்காலியின் கைப்பலகை இடுப்பில் இடித்தது. என் வார்டில் பதினெட்டு நோயாளிகள், அத்தனை பேர் விவரத்தையும் நான் ராட்டில் ஆஃப் செய்வேன் என்று இங்கிலீஷில் சொன்னேன். இலக்கணம் சரியாக வந்தது. அவர் முகம் மலர்ந்தது, வாக்கியத்தோடு விடமாட்டேன் என்றார், மேடம் எங்கே செஞ்சு காட்டுங்க, இங்கிலீஷ்லயே, இவங்க எல்லாம் பாக்கட்டும், பரீட்சையில் இப்படித்தான் தடங்கல் இல்லாமல் பேச வேண்டும் என்றார். பத்துத் தலைகள் என் பக்கம் திரும்பின. எல்லாம் சின்ன முகங்கள், அதில் இரண்டு தலையில் கிளிப். எந்த நாளைச் சொல்வது. என்னிடம் இருப்பது ஒரு நாள்தான். ஆரம்பித்தேன். ஒன்று, நெஞ்சுவலி, இரண்டாவது ஈசிஜி எடுத்தாயிற்று. இரண்டு, மஞ்சள்காமாலை. மூன்று, டிஸ்சார்ஜ், பில் வரவில்லை. நான்கு, ஆஸ்துமா. ஐந்து, வயிற்றுப்போக்கு. ஐந்தைச் சொல்லும்போதே ஆறு வருவது தெரிந்தது, மேட்ரன் அறையில் சொன்ன ஆறு ஒன்று, மேசை பக்கத்தில் சொன்ன ஆறு ஒன்று, இரண்டும் வாயில் தயாராக இருந்தன. ஆறு, சர்க்கரை, இரண்டு மணிக்கு இன்சுலின் இருபது யூனிட் என்றேன். பேர் சொல்லவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக ஒரு அறையில் பதினோரு பேருக்கு முன்னால் சத்தமாக உண்மையைச் சொல்லிவிட்டேன், இங்கிலீஷில், ஒருவருக்கும் பிரயோஜனம் இல்லாத இடத்தில். குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன், நடுங்கவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது, காய்ச்சல், ஆகாரம் இல்லை. பத்து, பதினொன்று. பதினெட்டில் வந்து நிறுத்தினேன். லால்குடிப் பெண் முதலில் கை தட்டினாள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். "ஒரு தப்புகூட இல்ல மேடம்" என்றார் செழியன் சார். பலகையில் இருந்ததை அழித்துவிட்டு அடுத்த சொல்லை எழுதத் திரும்பினார். நான் உட்கார்ந்து பையைத் திறந்து போனை எடுத்தேன். மூன்று ஐம்பத்து இரண்டு. எனக்கு முன் நாற்காலியில் இருந்த பிள்ளை திரும்பி, எப்படி சிஸ்டர் இவ்ளோ ஞாபகம் வச்சிருக்கீங்க என்று கேட்டாள், பழக்கம்தாம்மா என்றேன். பெட்டி பெட்டியாக எழுத்துகள், ஒவ்வொன்றாகத் தொட்டேன், இதில் மட்டும் நான் மெதுவு. எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைம்மா, என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய உடனே நீலமாகிவிட்டது, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறாள் என்று காட்டியது. பிறகு வந்தது. சரிக்கா, அப்ப நாந்தான் தப்பா எழுதிக்கிட்டேன் போல.